ரயில்வே நேரப்படி மூன்று மணி

போன மாதம் இந்த ஊர் தன் சொந்த மணியைக் கைவிட்டது. இத்தனை காலமும் ரயிலுக்கும் நாட்டுக்கும் ஒரு நேரம், கல்கத்தாவுக்கு மட்டும் அதைவிட இருபத்து நாலு நிமிஷம் முந்திய இன்னொரு நேரம் என்று நடந்துகொண்டிருந்தது. இனிமேல் எல்லோருக்கும் ஒரே மணி என்று பேப்பரில் போட்டார்கள். நான் நாற்காலி போட்டு ஏறி, பவானிபூர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் தள்ளினேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அப்ப இன்னைக்கு இருபத்து நாலு நிமிஷம் கூடுதலா ஒங்க மூஞ்சியப் பாக்கணுமாக்கும்?" என்று கேட்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்தைந்து வருஷம் ஆகிறது.

அதே வாரம், நான் வேலை பார்த்த கோர்ட்டுப் பிரிவில் இப்போது இருக்கும் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இந்துக்களுக்கும் விவாகரத்துச் சட்டம் வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருக்கிறதல்லவா, அதைப் பற்றித்தான். "சார், நாளைக்கு நம்ம ஆளுங்க கேஸே வந்து நிக்கும். அந்தக் காலத்துல டைவர்ஸ் ஆர்டரெல்லாம் நீங்கதானே எழுதினீங்க? ஏதாவது சொல்லுங்க, நோட் பண்ணிக்கிறோம்" என்றார்கள். வழக்கமாக இந்த மாதிரி ஆட்களுக்கு நான் இரண்டு கடிகாரக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிடுவேன். அன்றும் அப்படித்தான் அனுப்பினேன். அவர்கள் போன பிறகு ஏனோ மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விவாகரத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் விவாகரத்து ஆகாதவர்கள். தீர்ப்பு வந்த மறுநாள்தான் எங்களுக்கு வேலையே ஆரம்பிக்கும். குழந்தை யாரிடம் இருப்பது, மற்றவர் அதை எந்த நாளில், எத்தனை மணிக்கு, யார் வீட்டில் பார்ப்பது என்று உத்தரவு எழுதவேண்டும். மறு மாதமே, உத்தரவை அவர் மீறிவிட்டார் என்று ஒரு மனு வரும். அதற்கு அடுத்த மாதம், உத்தரவையே மாற்றுங்கள் என்று இன்னொரு மனு வரும். கல்யாணத்தின்போது ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காதவர்கள், பிரிந்த பிறகு ஒருவர் அசைவை ஒருவர் விடாமல் கவனிப்பார்கள். சேர்ந்திருந்த காலத்தில் அதில் கால்வாசி கவனம் இருந்திருந்தால் எங்களுக்கு வேலை இருந்திருக்காது.

திருநெல்வேலியிலிருந்து நான் இங்கே வந்தபோது தலைநகரம் டில்லிக்குப் போகவில்லை. மூன்று வருஷம் நகல் எழுதினேன். பிறகு இரண்டு வருஷம் ஒத்துப்பார்த்தேன், அதாவது ஒருவன் உரக்க வாசிக்க மற்றவன் கமா விட்டுப்போயிருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குப் பிறகுதான் உத்தரவு எழுதும் பிரிவில் தற்காலிகமாகப் போட்டார்கள். தமிழ் தெரிந்தவன் அந்தக் கட்டடத்திலேயே நான் ஒருவன்தான். அதனால் தமிழ்ச் சாட்சி எப்போதாவது வந்தால் எனக்குப் பிரமாணம் செய்வித்து மொழிபெயர்க்கக் கூப்பிடுவார்கள்.

அந்த நாளில் விவாகரத்து கிறிஸ்தவர்களுக்குத்தான் உண்டு. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் துரைமார்களும் துரைசானிகளும். ஆனாலும் பவானிபூரில் இருந்த நம் தமிழ்க் குடும்பங்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தன. 'டைவர்ஸ் பிள்ளை' என்று பெயர் வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை கொண்டுவருகிறவர், "சங்கரலிங்கம் அண்ணாச்சி, நீங்க ஆபீசு வேலையெல்லாம் முடிச்சுக்கிட்டு பந்திக்கு வந்தாப் போதும், முகூர்த்தத்துக்கு அலைய வேண்டாம்" என்று மிகுந்த அக்கறையோடு சொல்வார். தாலி கட்டும்போது நான் பார்த்துவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று பயம். பெண்டாட்டியை ஊரிலேயே விட்டுவிட்டு, பத்து வருஷமாகத் திரும்பிப் பார்க்காத ஒரு பெரிய மனிதர் அந்தக் கல்யாணங்களில் முன்வரிசையில் உட்கார்ந்து அட்சதை போடுவார். அவருக்கு விவாகரத்து ஆகவில்லை அல்லவா!

இனி எங்கள் தலைமைக் குமாஸ்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். வங்காளிகள் அப்படிப்பட்டவரைப் 'பொரோபாபு' என்பார்கள். பெரிய பாபு என்று அர்த்தம். ஆள் என்னவோ என் தோளுக்குத்தான் வருவார். மடிப்புக் கலையாத வேட்டி, அதற்கு மேல் கறுப்புக் கோட்டு, காதில் ஒரு சிவப்புப் பென்சில். அந்தப் பென்சில் காதை விட்டு இறங்கினால் எங்கள் பிரிவில் பேச்சு நின்றுவிடும். உத்தரவின் வரைவை அவர் முன்னால் வைத்தால் உடனே படிக்கமாட்டார். முதலில் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைப்பார். பிறகு வரைவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காகிதத்தைப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் எழுத்தைப் பார்ப்பார். வாய் மெல்ல அசையும். அரிசியில் கல் பொறுக்குகிறவர் முகம் அப்படியே இருக்கும். ஒரு வார்த்தை அநாவசியம் என்று பட்டால் போதும், சிவப்புக் கோடு விழும்.

"மொஷாய், உத்தரவு என்பது கடிதம் இல்லை. குறைந்த வார்த்தை, நிறைந்த அதிகாரம்" என்பார். மொஷாய் என்றால் ஐயா. அந்த ஐயாவை அவர் சொல்லும் தொனியில் மரியாதையைத் தவிர எல்லாம் இருக்கும்.

அவருடைய சிக்கனத்தால் வந்த வினைகளை ஒரு புத்தகமாகப் போடலாம். ஒரு துரை, தாயிடம் வளரும் தன் மகனுக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு தாளுக்கு மிகாமல் கடிதம் எழுதலாம் என்று உத்தரவு ஆனது. 'சாதாரணக் கடிதத் தாள்' என்று நான் எழுதியதில் முதல் இரண்டு வார்த்தைகளை அவர் அடித்துவிட்டார். துரை கப்பல் கம்பெனியில் படம் வரைகிறவர். மேஜை அகலத் தாளில் இரண்டு எடுத்து, எறும்பு எழுத்தில் முன்னும் பின்னும் நிரப்பி, குழாயில் சுருட்டி அனுப்பினார். துரைசானி மனு போட்டாள். மூன்று மாதம் கழித்துத் தாளின் நீள அகலத்தை அங்குலத்தில் குறிப்பிட்டுத் திருத்த உத்தரவு வந்தது. அங்குலத்தைப் பொரோபாபு அடிக்கவில்லை. 'மிகாமல்' என்பதை அடிக்கப் பார்த்தார், நான்தான் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. ஞானமுத்து கேஸையும் நான் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

ஞானமுத்து எங்கள் பக்கத்து ஆள், பாளையங்கோட்டை. ஹௌராவுக்கு அப்பால் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் குமாஸ்தா. அவனைக் கட்டியவள் ரூத்தம்மாள், பவானிபூரில் ஒரு மிஷன் பள்ளியில் தையல் சொல்லிக்கொடுப்பவள். கிருபை என்று ஆறு வயதில் ஒரு மகள். குற்றம் ஞானமுத்துவுடையதுதான், அதில் சந்தேகமில்லை. கரக்பூருக்கு மாற்றலாகிப் போனவன் அங்கே வேறொருத்தியோடு இரண்டு வருஷம் இருந்துவிட்டான். ஒரு கடிதம் கிடையாது. ரூத்தம்மாள் விவாகரத்துக் கேட்டாள், கிடைத்தது. அதற்குள் அங்கேயும் எல்லாம் கலைந்து, இவன் சாந்த்ராகாச்சிக்குத் திரும்பி வந்து, மகளைப் பார்க்கவேண்டும் என்று மனு போட்டான்.

உத்தரவின் வரைவைப் பேசி முடிக்க ஒரு நாள் குறித்து இரண்டு தரப்பையும் அட்டர்னிகளோடு என் மேஜைக்கு அழைத்தோம். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி முதல் ஐந்து மணி வரை, தாயின் வீட்டில், தாயின் முன்னிலையில் என்று முடிவாயிற்று. குறித்த நேரம் தாண்டிக் கால் மணிக்குள் தகப்பன் வராவிட்டால் அன்றைய பார்வை ரத்து. தொடர்ந்து மூன்று மாதம் ரத்தானால் அனுமதியையே எடுத்துவிடச் சொல்லித் தாய் மனு போடலாம். ரூத்தம்மாளின் அட்டர்னி கேட்ட நிபந்தனை அது. இரண்டு வருஷம் காணாமல் போனவனுக்கு அது ஒன்றும் கொடுமையான நிபந்தனை இல்லை.

அப்போது ஞானமுத்து சொன்னான்: "அண்ணாச்சி, எனக்கு சனிக்கெழம ஷிப்டு முடியதே ரயில்வே மணி ஒண்ணுக்குத்தான். அங்கேருந்து லோக்கலப் புடிச்சு ஹௌரா வந்து, பாலத்தத் தாண்டி, டிராம் ஏறி இவுக வீட்டுக்கு வர ரயில்வே மணி மூணு ஆயிரும். கப்பலுக்காகப் பாலத்தத் தொறந்துட்டான்னா அதுக்கும் மேல ஆகும். ரயில்வே மணி மூணுன்னு போட்டுக்கிடுங்க."

ரயில்வே மணி மூன்று என்றால் ஊர் மணி மூன்று இருபத்து நாலு. நான் ரூத்தம்மாளைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "எந்த மணின்னாலும் எழுதிக்கிடுங்க. ரெண்டு வருசம் காத்துக் கெடந்தவளுக்கு இருபத்து நாலு நிமிசம் ஒரு கணக்கா?"

'ரயில்வே நேரப்படி' என்று நான் எழுதினேன். இரண்டு அட்டர்னிகளும் தலையாட்டினார்கள். அன்று மாலை வரைவு பொரோபாபுவிடம் போனது. கண்ணாடி துடைக்கப்பட்டது. காகிதம் வெளிச்சத்தில் பிடிக்கப்பட்டது. பென்சில் இறங்கியது.

"ரயில்வே நேரமா? மொஷாய், சக்கரவர்த்தியின் கோர்ட்டு ரயில் கம்பெனியிடம் போய் மணி கேட்குமா?"

"இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டது, பாபு."

"ஒப்புக்கொண்டதை வீட்டில் வைத்துக்கொள்ளட்டும். மூன்று மணி என்றால் மூன்று மணி."

இரு தரப்பும் ஒப்பிய வரைவில் வார்த்தையை எடுக்க அவருக்கு அதிகாரமே கிடையாது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எனக்கு வேலை நிரந்தரமாவதற்கான சிபாரிசுக் காகிதம் அந்த வாரம் அவர் மேஜையில் இருந்தது. அதுவும் எங்கள் இருவருக்கும் தெரியும். நான் சுத்தப் பிரதி எழுதினேன், ஒத்துப்பார்த்தோம், முத்திரை விழுந்தது.

நகலை வாங்கிப் படித்த ஞானமுத்து மறுநாளே என் ஜன்னலுக்கு ஓடிவந்தான். "அண்ணாச்சி, ரெண்டு வார்த்த விட்டுப்போச்சே!"

"விட்டுப்போகல வே. முத்திர விழுந்தாச்சு. மாத்தணும்னா மனுப் போடும்" என்றேன். சொல்லும்போது மேஜை மேலிருந்த, காகிதம் கோக்கும் டாக் நூலை மிக உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மனு போட்டான். திருத்த மனு விசாரணைக்கு வர மாதக்கணக்காகும். சனிக்கிழமைகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. முதல் மாதம் ஊர் மணி மூன்றேகாலுக்கு ரூத்தம்மாள் கதவைச் சாத்தினாள். இரண்டாவது மாதமும் அதேபோலச் சாத்தினாள். உத்தரவை மீறுகிறாள், தண்டிக்கவேண்டும் என்று அவன் ஒரு மனு. கால் மணி நிபந்தனையை அவன்தான் மீறுகிறான் என்று அவள் பதில். ஒவ்வொருவரும் உத்தரவை அட்சரம் பிசகாமல் நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பிரிவின் சரித்திரத்தில் ஓர் உத்தரவுக்கு இத்தனை கீழ்ப்படிதல் கிடைத்ததே இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை கோர்ட்டுத் தரப்பில் ஒருவர் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தரவேண்டும் என்று ஆயிற்று. தமிழ் தெரிந்தவன் யார்? நானேதான்.

ஆபீஸ் கடிகாரத்தைக் கையில் கொடுத்தார்கள். கோட்டையில் பகல் ஒரு மணிக்குப் பீரங்கி சுடுவார்கள், ஊரே அதைக் கேட்டு முள்ளைத் திருத்திக்கொள்ளும். நானும் திருத்திக்கொண்டு போனேன். ரூத்தம்மாளின் வீடு இரண்டே அறை. முன்னறையில் தையல் மிஷின், ஒரு டிரங்குப் பெட்டி, அதன் மேல் கிருபை. கஞ்சி போட்ட கவுன், இரட்டைச் சடை, மடியில் ஒரு சிலேட்டு. ஏதோ எழுதி, யாரும் பார்த்துவிடாதபடி கவிழ்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று அடித்தது. கதவு திறந்திருந்தது. தெருவில் போன டிராம் சத்தம் ஒவ்வொன்றுக்கும் அந்தப் பிள்ளை கழுத்தை நீட்டியது.

"இன்னும் எத்தன நிமிசம் இருக்கு?" என்று என்னைக் கேட்டாள்.

"ஒம்பது" என்றேன். பிறகு "அஞ்சு" என்றேன். கடிகாரத்தை வைத்திருந்தவன் நான்தானே, சொல்லித்தான் ஆகவேண்டும்.

மூன்றேகால். ரூத்தம்மாள் எழுந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். "எழுதிக்கிடுங்கய்யா. தகப்பனார் வரல்ல" என்றாள்.

"இன்னும் பத்து நிமிசத்துல வந்துருவாரும்மா. ஒங்களுக்கும் தெரியும்."

"தெரியும். அவுக வரமாட்டாகன்னு தெரியாமலே நான் ரெண்டு வருசம் கதவத் தொறந்து வச்சிருந்தேன். அதுக்கு எந்தக் கோர்ட்டும் ஆள் அனுப்பல்ல. இப்பப் பேப்பர்ல என்ன இருக்கோ அது மட்டுந்தான். ஒரு நிமிசம் கூடக் குடுக்க மாட்டேன்."

நான் எழுதிக்கொண்டேன். மூன்று இருபத்து நாலுக்குக் கதவு தட்டப்பட்டது. வெளியே ஞானமுத்துவின் குரல், மூச்சு வாங்கியபடி: "மணி மூணு! பாத்துக்கிடுங்க, சரியா மூணு! காலைலதான் யார்டுல தந்தி மணியோட ஒத்துப் பாத்தேன்!" ஜன்னல் கம்பிக்குள் ஒரு கை நுழைந்தது, கடிகாரத்தோடு. முள் சரியாக மூன்றில்தான் நின்றது. பொய் சொல்லாத இரண்டு கடிகாரங்கள் ஒரு ஜன்னலின் இரண்டு பக்கமும் இருந்தன.

யாரும் கதவைத் திறக்கவில்லை. கை வெளியே போயிற்று. ஆனால் ஆள் போகவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டான். உத்தரவில் ஐந்து மணி வரை என்று இருக்கிறதாம், அதுவரைக்கும் இருந்துவிட்டுத்தான் போவானாம்.

சிறிது நேரம் கழித்துக் கிருபை சிலேட்டைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தாள். பள்ளியில் சொல்லிக்கொடுத்த பாடம், ஆடு, இலை, ஈ என்று. கத்திப் படித்தாள். தாழ்ப்பாளைப் பார்த்துப் படித்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தாள். ரூத்தம்மாள் தையல் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள், ஆனால் மிஷினை ஓட்டவில்லை. சத்தம் போடாதே என்றும் சொல்லவில்லை. என் அறிக்கையில் இது இல்லை. கதவு சாத்தியிருக்கும்போது குரல் வெளியே போகலாமா கூடாதா என்று உத்தரவில் ஏதும் சொல்லப்படவில்லை.

'ஆபீஸ் கடிகாரப்படி தகப்பனார் மூன்று மணி இருபத்து நாலு நிமிஷத்துக்கு வந்தார்' என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு பொய் கிடையாது அதில். பொரோபாபு படித்துவிட்டு, முதல் தடவையாக, ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை. "அழகான அறிக்கை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இந்தக் காலாண்டின் பழைய வரைவுகளைக் கொஞ்சம் முன்கூட்டியே எரித்துவிடலாமே, மொஷாய். கரையான் வருகிறது" என்றார். நான் வரைவுக் கட்டை எரிக்க எடுத்துப்போனேன். ஞானமுத்து கேஸில் சிவப்புக் கோடு விழுந்த ஒரே ஒரு தாளை மட்டும் உருவிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டால் அன்று எனக்கே பதில் தெரியாது.

மூன்று மாதம் ரத்தாகிவிட்டது. அனுமதியை எடுத்துவிடச் சொல்லி ரூத்தம்மாளின் அட்டர்னி மனு போட, மூன்று மனுக்களும் ஒரே நாளில் விசாரணைக்கு வந்தன. அவன் தோற்றால் மகளை இனிப் பார்க்கமுடியாது.

இந்த இடத்தைத்தான் நான் எல்லோருக்கும் நடித்துக் காட்டுவேன். இரண்டு பாரிஸ்டர்கள் எழுந்து நின்று மூன்று மணி என்றால் என்ன என்று ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். ஊர் முழுவதும் கோட்டைப் பீரங்கிக்குக் கட்டுப்பட்டது என்றார் ஒருவர். பீரங்கி சாந்த்ராகாச்சியில் கேட்காது என்றார் மற்றவர். சூரியன் யாருடைய கட்சி என்று ஒரு கேள்வி வந்தது. பம்பாய்க்கு வேறொரு நேரம் இருக்கிறதே என்று நீதிபதி ஞாபகப்படுத்தினார், பாவம், உதவி செய்கிறோம் என்று நினைத்திருப்பார். கடைசியில் தம் சட்டைப்பைக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, அது நின்றுபோயிருப்பதைக் கண்டு மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வரைவில் என்ன இருந்தது?" என்று அவர் கேட்டார்.

பொரோபாபு எழுந்தார். "வழக்கப்படி எரிக்கப்பட்டுவிட்டது, பிரபுவே." அவர் அதை உண்மை என்று நம்பித்தான் சொன்னார். அவருக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நான் நின்றிருந்தேன். தாள் என் கோட்டுக்குள் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

அட்டர்னிகள் ஆளுக்கொன்று சொல்ல, அன்றைய பேச்சில் என்ன முடிவாயிற்று என்று ரூத்தம்மாளையே கேட்போம் என்றார் நீதிபதி. அவள் கூண்டில் ஏறி வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்தாள். அவளுக்கு இங்கிலீஷ் ஓரளவு புரியும். ஆனாலும் தமிழில்தான் சொல்வேன் என்றாள். எனக்கும் பிரமாணம் செய்துவைத்தார்கள்: கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக மொழிபெயர்ப்பேன் என்று. நான் கேள்வியைத் தமிழில் கேட்டேன். 'ஊர் மணிதான்' என்று ஒரு பொய் சொன்னால் போதும், அவனை வாழ்நாள் முழுக்கக் கதவுக்கு வெளியே நிறுத்திவிடலாம். அவளை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

"ரயில்வே மணி மூணுன்னுதான் பேச்சு" என்றாள். "நானும் சரின்னுதான் சொன்னேன். பேப்பர்ல அது வரல்ல. பேப்பர்ல இருந்தபடி நான் நடந்தேன்." நான் மொழிபெயர்த்தேன். நீதிபதி பேனாவை எடுத்தார். அவள் நிறுத்தவில்லை. என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "எழுதுன அய்யாவுக்கே தெரியும். இந்தா நிக்காகளே, இவுககிட்டயே கேளுங்க."

நீதிபதி என் முகத்தைப் பார்த்தார். "சாட்சி என்ன சொல்கிறாள்?"

"அவ்வளவுதான் என்கிறாள், பிரபுவே" என்றேன்.

முப்பது வருஷ வேலையில் நான் செய்த ஒரே தப்பான மொழிபெயர்ப்பு அது. அந்தக் கூடத்தில் என்னைத் தவிர அது தப்பென்று தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிரிந்த பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

நீதிபதி 'ரயில்வே நேரப்படி' என்று சேர்த்து உத்தரவைத் திருத்தினார். ரத்தான மூன்று மாதமும் கணக்கில் இல்லை என்றார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வெளியே தாழ்வாரத்தில் அவர்கள் இருவரும் என்னை மறித்தார்கள்.

"என்னய்யா, பாதிய முழுங்கிட்டீகளே?" என்றாள் ரூத்தம்மாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஞானமுத்து சொன்னான்: "விடு ரூத்து. பாவம், அவருக்கு வேல போயிரும்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "ஆமா, பாவம்" என்றாள். இரண்டு பேரும் படியிறங்கி ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஒருவரை ஒருவர் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் என்மேல் வைத்த அந்த இரக்கம்தான். வசவாக இருந்தால் மறந்திருப்பேன்.

திருத்த உத்தரவின் வரைவைப் பொரோபாபு முன்னால் வைத்தேன். பென்சில் காதிலிருந்து இறங்கி, அந்த இரண்டு வார்த்தைகளின் மேல் கொஞ்ச நேரம் நின்று, காதுக்கே திரும்பிவிட்டது. மறு மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று. சிபாரிசில் 'மிதமாகப் பேசுபவர்' என்று எழுதியிருந்தார். அந்த மனிதர் ஒருவரைப் புகழ்வதற்கு வார்த்தை செலவழித்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

புது உத்தரவின்படி நடந்த முதல் சனிக்கிழமையும் நான்தான் போனேன். ரயில்வே மணி மூன்றுக்குத்தான் கதவு திறக்கவேண்டும். நான் ஊர் மணி மூன்றுக்கே போய்விட்டேன். கதவு அப்போதே விரியத் திறந்திருந்தது. கிருபை வாசற்படியில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். ரூத்தம்மாள் உள்ளே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. அந்த இருபத்து நாலு நிமிஷம் எந்தக் கோர்ட்டும் போட்ட உத்தரவு அல்ல.

நாற்பது வருஷமாக இந்தக் கதையைப் பந்தியிலும் டிராமிலும் சொல்லி எத்தனையோ பேரை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்திருக்கிறேன். பீரங்கி வரும், பம்பாய் வரும், நின்றுபோன கடிகாரம் வரும். ரூத்தம்மாள் உண்மையைச் சொன்னாள் என்பதோடு முடித்துவிடுவேன். அவளுடைய கடைசி வாக்கியத்தை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போன மாதம் அந்த இரண்டு பேருக்கும் சொல்லும்போதும் விட்டுவிட்டேன், அவர்களும் சிரித்துவிட்டு நன்றி சொல்லிப் போனார்கள். சிவப்புக் கோடு போட்ட தாள் என் பெட்டியில் இன்னும் இருக்கிறது. ஆனால் அவள் தாளைக் கேட்கச் சொல்லவில்லை, என்னைக் கேட்கச் சொன்னாள். அதை மொழிபெயர்த்துச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆகிவிட்டது.